காட்டுக்குள் வராத செருப்பு

மருத்துவ ஆய்வுக்குப் பணம் கேட்டு மதராஸுக்கு அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் நான் ஒரு ஜீப், ஒரு எக்ஸ்ரே மெஷின், ஓர் ஆப்பரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். சிறிய ஆய்வுகளுக்கு மட்டுமே பணம் தருவோம் என்று அவர்கள் அனுப்பிய தாளின் தலையிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். கேட்பதற்கு என்ன, காசா பணமா என்ற நினைப்பு. சில வாரங்களில் பதில் வந்தது. விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவின் தலைவர் மதராஸில் ஒரு பேராசிரியர். தன் கையாலேயே இரண்டு வரி எழுதியிருந்தார். "உங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்பது புரிகிறது. உங்கள் கேள்வி என்ன என்பதுதான் புரியவில்லை."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தை மருந்து அலமாரிக்குள் போட்டு அலமாரியை அறைந்து சாத்தினேன். உள்ளே ஒரு டிஞ்சர் பாட்டில் உடைந்ததுதான் மிச்சம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற சாலையில், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்னத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஓட்டுக் கட்டடம், ஒரு வரிசைக் கட்டில், வாசலில் ஒரு புளியமரம். டாக்டர் என்று இருந்தவள் நான் ஒருத்திதான். கடத்தூர்ப் பக்கம் கடலை விதைத்துப் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. எங்கள் கோயில் பங்கிலேயே டாக்டருக்குப் படித்த முதல் பெண் நான். பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியாரே என்னை நிறுத்தித் தன் முட்டிவலியைப் பற்றிக் கேட்பார். கொஞ்சம் திமிர் இருந்ததில் ஆச்சரியமில்லை.

ஆஸ்பத்திரியை நடத்திய சிஸ்டர் நர்ஸ் படிப்புப் படித்தவர். என்னைவிட வயதில் ரொம்ப மூத்தவர். உடைந்த பாட்டிலைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னார். "டாக்டர், யானைப் பசிக்குச் சோளப்பொரின்னு சொல்வாங்க. நீங்க சோளப்பொரி விக்கிறவன்கிட்ட போய் யானையைக் கேட்டிருக்கீங்க. அவன் எப்படிக் குடுப்பான்?"

அவர் சொன்னால் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும்.

அந்த வாரம்தான் எங்கள் பழைய நோயாளியான ஓர் அம்மா மறுபடி வந்து சேர்ந்தார். மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். வீட்டில் மாமியார் மட்டும். ஒரு துண்டுக் காடு அவர் பேரில் இருந்தது. எங்கள் பக்கத்தில் காடு என்றால் மரமும் புலியும் இருக்கிற இடமில்லை. மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்தைத்தான் காடு என்போம். ஒரு போகம் கடலை, ஒரு போகம் கேழ்வரகு, மிச்ச இடத்தில் கொள்ளு. மழை வந்தால் சாப்பாடு, வராவிட்டால் கடன். அவருடைய வாழ்க்கை மொத்தமும் அந்தக் காட்டில்தான் இருந்தது.

நோய் அவருக்கு எப்போதோ குணமாகியிருந்தது. ஆனால் தொழுநோய்க்கு ஒரு குணம் உண்டு. மாத்திரை கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை எழுப்பாது. அவருடைய வலது பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. முள் ஏறினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. புண் வரும், ஆனால் வலிக்காது. வலிக்காத புண்ணோடு நாள் முழுக்க நடப்பார். அது உள்ளே உள்ளே போய் எலும்பைத் தொடும். இங்கே கொண்டுவந்து மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் ஆறிவிடும். ஊருக்குப் போய் நடந்தால் திரும்பவும் வரும். இப்படியே வந்து வந்து, சிறு விரல் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது.

சேலத்திலிருந்து அவ்வப்போது வந்துபோகிற ஒரு சர்ஜன் அன்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தடவை ஆற வெச்சுப் பாக்கலாம். இன்னொரு தடவை எலும்பு வரைக்கும் போச்சுன்னா கணுக்காலுக்கு மேல எடுத்துட வேண்டியதுதான்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் கை காட்டிய இடம் தெரியும்.

சர்ஜன் போன பிறகு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "டாக்டரம்மா, காலு போனா காடு போச்சுங்க. எங்கொழுந்தன் காத்துக்கிட்டுக் கெடக்கறான். காட்டை எனக்கு வுடு, நான் ஒனக்குக் கஞ்சி ஊத்தறேங்கறான். அவன் ஊத்தற கஞ்சியை நான் குடிக்க மாட்டனுங்க."

அழவில்லை. கடலைக் கொட்டையை உடைப்பதுபோலப் பட்டென்று சொன்னார்.

இந்தக் காலுக்கு மருந்து என்னவென்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பஞ்சுபோல மெத்தென்று ஒரு வகை ரப்பர் உண்டு. அதில் அடி வைத்துச் செருப்புச் செய்து போட்டால் பாதத்தில் அழுத்தம் பரவிப் புண் வராது. அந்தச் செருப்பும் எங்களிடம் இருந்தது. கறுப்பாக, அகலமாக, இரண்டு பக்கிள் வைத்து, பார்த்தாலே பயமாக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது என்ன செருப்பு என்று தெரியும். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் பக்கத்து இருக்கை கடைசி ஸ்டாப் வரை காலியாகவே வரும். அதனால் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் நேராகப் பரணில் போட்டுவிடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரிச் செருப்புகளைப் போட்டு நடந்தது பரணில் இருந்த எலிகள்தான்.

அன்று மத்தியானம் களி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிஸ்டரிடம் சொன்னேன். "அதே ரப்பரை வெச்சு, பாலக்கோடு கடைவீதியில விக்கிற செருப்பு மாதிரியே செஞ்சு குடுத்தா போடுவாங்களா சிஸ்டர்? போட்டா புண்ணு திரும்பி வராம இருக்குமா?"

"இதைத்தானே அந்த சாரு கேட்டாரு?" என்றார் சிஸ்டர், வாயில் களியோடு. "நீங்கதான் அலமாரியைச் சாத்தினீங்க."

இரண்டாவது விண்ணப்பத்தைப் பங்குக் கோயில் ஆபீஸில் இருந்த டைப்ரைட்டரில் இரண்டு விரலால் நானே தட்டினேன். ஒரு வருஷம், எங்களிடம் புண் ஆறி வீட்டுக்குப் போகிறவர்கள், புதுச் செருப்பு, மாதம் ஒரு தடவை பாதத்தைப் பார்ப்பது, செருப்பின் அடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான். ஜீப் கேட்கவில்லை. அவர்கள் அனுப்பிய தாளின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. என்ன நடந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? இது என்ன, கல்யாணப் பத்திரிகையில் விவாகரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி என்று எரிச்சலாக வந்தது. "செருப்பின் அடி தேய்ந்து, புண்ணும் திரும்பி வந்தால்" என்று எழுதி வைத்தேன். அப்படி நடக்காது என்ற தைரியம்தான்.

பணம் வந்தது. நான் முன்பு கேட்ட ஜீப்புக்கு டயர் வாங்கக்கூடக் காணாது. ஆனாலும் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு முழுக்க நடந்தேன். படுத்திருந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒரு பெரியவர், "எங்க காலுக்கு மெட்ராஸ்ல இருந்து பணமா?" என்று எழுந்து உட்கார்ந்தார். எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பாலக்கோடு கடைவீதியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவரைப் பிடித்தோம். ஆணி அடிக்கக்கூடாது, உணர்ச்சியில்லாத காலில் ஆணி ஏறினால் தெரியாது. ஒட்டித் தைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மனிதர் தவிட்டு நிறத் தோலில், பெருவிரலுக்கு வளையம் வைத்து, அச்சு அசல் கடைச் செருப்பாகவே தைத்துக் கொண்டுவந்து வைத்தார். பார்த்ததும் எனக்கே ஒன்று போட்டுக்கொள்ள ஆசை. சிஸ்டர் தன் பாதத்தைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

செருப்புக் கொடுக்கும் அன்று எல்லோரையும் வராந்தாவில் உட்கார வைத்தோம். ஆய்வில் சேரச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கவேண்டும் என்பது மதராஸ்காரர்களின் ஏற்பாடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்னேன். "இந்தச் செருப்பை எப்பவுமே போட்டிருக்கணும். மாசம் ஒருதரம் வந்து காட்டணும். இதைப் பத்திரமா வெச்சுக்கணும், பிஞ்சுதுன்னா வேற கெடையாது. புடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் வெலகிக்கலாம்."

மாரண்டஹள்ளி அம்மா மை தொட்ட விரலைத் தூக்கியபடியே கேட்டார். "எப்பவுமேங்களா?"

"எப்பவுமேதான். தூங்கறப்ப மட்டும் வேண்டாம்."

"குளிக்கறப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பவும் வேண்டாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு விரலை அழுத்தி ஊன்றினார். தாளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். எனக்கு அது வழக்கமான மரியாதையாகத்தான் தெரிந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

முதல் மாதம் எல்லாரும் வந்தார்கள். அந்த அம்மாவும் வந்தார். எல்லோர் காலிலும் செருப்பு. ஒருவரும் பரணில் போடவில்லை! பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தார்கள் என்று ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மனதுக்குள் அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது மாதம் அந்த அம்மா ஒருவர் மட்டும் வரவில்லை, மற்றபடி அப்படியே. செருப்பெல்லாம் தைத்த அன்று இருந்ததுபோலப் பளபளவென்று இருந்தன. எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டினேன்.

அடுத்து வந்த மாதங்களில் புண்கள் திரும்ப ஆரம்பித்தன. முதலில் ஒருவருக்கு. பிறகு இன்னொருவருக்கு. வெட்கப்பட்டுக்கொண்டே பஸ் கதை சொன்ன பெண்ணுக்கும். ஆனால் செருப்பின் அடி தேயவே இல்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இவர்கள் நடந்து பஞ்சு ரப்பர் தேயாமல் இருக்கிறதே என்று எனக்குக் குழப்பம். ரப்பர் அவ்வளவு உசத்தியோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் எங்கள் ஆள் ஒருவர், அன்றைக்குக் கால் காட்ட வேண்டியவர். மடியில் ஒரு துணிப்பை. எங்கள் ஸ்டாப்பில் இறங்கியதும் அவர் நேராக வாசலுக்குப் போகவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த செருப்பை எடுத்து, ஊதித் துடைத்து, காலில் மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வாசலைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே நின்றிருந்தேன்.

"என்னங்க இது?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகத்தில் கொஞ்சமும் குற்ற உணர்ச்சி இல்லை. "நீங்கதானுங்களே பத்திரமா வெச்சுக்கச் சொன்னீங்க!"

அன்று எல்லாரையும் உட்கார வைத்து, திட்டமாட்டேன் என்று மாதா மேல் ஆணையிட்டுச் சொல்லி, உண்மையைக் கேட்டேன். எங்கே எங்கே போடுகிறீர்கள்? ஆஸ்பத்திரிக்கு. சந்தைக்கு. கல்யாணத்துக்கு, அதுவும் பந்தல் வாசல் வரை. வீட்டுக்குள்? சே சே. மாட்டுக் கொட்டகையில்? இல்லீங்க. காட்டில்? கோயில் பலிபீடத்தில் செருப்போடு ஏறுவீர்களா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் மெதுவாக, "சோறு வெளையற எடமுங்க" என்றார்.

எனக்கு எப்படி மறந்துபோயிற்று? என் அப்பாவின் செருப்பு எங்கள் காட்டோரம் நட்ட வேலமரக் கம்பில் மாட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்து சோற்றுத் தூக்கோடு போவேன். நானும் அங்கேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பேன். பட்டணத்தில் ஐந்தாறு வருஷம் டாக்டருக்குப் படித்தவள், அந்தக் காட்டைத் தவிர மீதி எல்லா இடத்துக்கும் செருப்புத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இவர்கள் பகல் முழுக்க இருப்பதே காட்டிலும் வீட்டிலும்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் என் காலைக்கூட விடவில்லை, ஊரார் காலை விட்டுப் பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதற்கிடையில் என்னை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. மாரண்டஹள்ளி அம்மா முதல் மாதத்துக்குப் பிறகு வரவே இல்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். "வர்றேன்னாங்க" என்று பதில் வந்தது, ஆள் வரவில்லை. எல்லோருக்கும் புண் திரும்பும்போது அவருக்கு மட்டும் எப்படித் திரும்பாமல் இருக்கும்? கத்திக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். புண் இந்நேரம் எலும்புக்குப் போயிருக்கும். கால் போனா காடு போச்சு என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பேராசிரியர் வருவதாகக் கடிதம் வந்தது. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று பார்க்க ஒவ்வோர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாராம். தர்மபுரியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான, உயரமான மனிதர். முகம் பார்க்கலாம் போலத் துடைத்த ஷூ. நான் சுற்றி வளைக்கவில்லை.

"சார், தோத்துப்போச்சு" என்றேன். பை, துண்டு, புளியமரம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் விண்ணப்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "அடி தேஞ்சு புண்ணும் வந்தாத்தான் தப்புன்னு எழுதியிருக்கீங்க. அடி தேயலையே?"

"அடி தேயாமலேயே புண்ணு வரும்னு அப்ப எனக்குத் தோணலை சார்."

"எல்லாரையும் பாத்தாச்சா?"

"ஒருத்தங்க மட்டும் வரலை."

"அவங்களைப் பாக்காம எப்படிம்மா முடிவு எழுதறது?"

"பாக்கப் பயமா இருக்கு சார்" என்றேன். அது உண்மை. அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். நாங்கள் ஜீப்பில் ஏறினோம். வழியெல்லாம் நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஊரில் விசாரித்தால், "காட்டுல களை வெட்டறாங்க" என்றார்கள். களை வெட்டுகிறாரா? அந்தக் காலை வைத்துக்கொண்டா? எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன. கடலைக் காடு பச்சென்று இருந்தது. நடுவில் நாலைந்து பெண்கள் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் இறங்கி ஓரெட்டு வைத்தார். அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க! அங்கயே நில்லுங்க! செருப்போட காட்டுக்குள்ள வராதீங்க!"

அந்த அம்மாவின் குரல்தான். யார் என்று தெரியாமலேயே கத்தினார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிக் காட்டோரம் விட்டேன். அவரும் ஜீப்பின் படியில் உட்கார்ந்து, ஷூவின் முடிச்சை அவிழ்த்து, சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளை வெளேரென்ற பாதத்தோடு உள்ளே இறங்கினார். கொஞ்ச தூரம்தான் வந்திருப்பார். "அம்மா!" என்று கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். நெருஞ்சி முள். அதை எடுக்க மற்றக் காலை ஊன்றினால் அதிலும் ஒன்று. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த அம்மா எங்களைப் பார்த்து வந்தார். வேகமாகவே வந்தார். ஆனால் வலது காலைச் சுற்றிப் பெரிய துணிக்கட்டு. அழுக்கும் மண்ணும் அப்பியிருந்தது. புண்ணைக் கட்டிக்கொண்டு களை வெட்டுகிறார். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"ஏம்மா, கொஞ்சமாவது புத்தி இருக்கா? ஆள் மேல ஆள் அனுப்பறேன், வராம ஒளிஞ்சுக்கிட்டு இருக்கீங்க! செருப்பு எங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார். "தப்புப் பண்ணிட்டனுங்க டாக்டரம்மா. அறுத்துட்டனுங்க."

"எதை?"

"செருப்பைத்தானுங்க. நீங்க எப்பவுமேன்னு சொன்னீங்க. நானும் கைநாட்டு வெச்சுட்டனுங்க. எங்க மாமியா கன்னடக்காரங்க. வூட்டுக்குள்ள செருப்போட கால வெச்சா 'மெட்டு பேடா, மெட்டு பேடா'ன்னு செருப்பு வேண்டாம்னு கத்தறாங்க. காட்டுக்குள்ள போட்டா ஊரே கத்துங்க. எனக்கே மனசு வரலீங்க. ஆனா கைநாட்டு வெச்சுட்டு எப்புடிப் பொய்யா நடக்கறது? அதானுங்க, மேல் வாரையெல்லாம் அறுத்துட்டு, அடியை மட்டும் துணியில வெச்சுக் கால்ல கட்டிக்கிட்டேன். கட்டுப் போட்டவளைக் கழட்டுன்னு யாரும் சொல்லமாட்டாங்க பாருங்க. தூங்கறப்பவும் குளிக்கறப்பவும் கழட்டுவனுங்க. வேற எப்பவும் கழட்டலீங்க. சத்தியமா." ஒரு மூச்சு விட்டார். "அவ்ளோ நல்ல செருப்பை இப்புடிப் பண்ணிட்டியேன்னு நீங்க திட்டுவீங்கன்னுதான் வரலீங்க."

எங்கள் ஜனங்களுக்குக் கைநாட்டு என்றால் நிலப் பத்திரம். ஒருதரம் வைத்தால் வைத்ததுதான்; சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த மாதிரி. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறியிருக்காது. மற்றவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தார்கள், வைத்துக்கொண்டார்கள். இவர் எப்பவுமே என்று சத்தியம் செய்தார்.

நான் செடிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பாதத்தை மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்தேன். துணி ஒரு சுற்று, இரண்டு சுற்று. உள்ளே ரப்பர். கறுத்து, நைந்து, அவர் பாதத்தின் அச்சு அப்படியே குழிந்திருந்தது. அடிப்பக்கம் முழுக்க நெருஞ்சி முள். ஒன்றுகூட மேலே வரவில்லை. ரப்பரை எடுத்தேன். பாதம் இருந்தது. காய்ந்த தோல், பழைய தழும்பு, சிறு விரல் இல்லாத இடம். அழுத்தினேன். சீழ் இல்லை, சூடு இல்லை. புண் இல்லை.

"புண்ணு இல்லையே! புண்ணே இல்லையே!" என்று பைத்தியம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "அப்ப திட்டலீங்களா?" என்றார்.

பேராசிரியர் வரப்பில் உட்கார்ந்து தன் காலில் இருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ரப்பரைக் கேட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க விண்ணப்பத்துல இல்லையே" என்றார்.

"இல்லை சார். ஆனா அடுத்ததுல இருக்கும்."

அந்த அம்மாவுக்கு இப்போதுதான் பயம் தெளிந்தது. மனிதரின் வெள்ளைப் பாதத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சாருக்கும் ரெண்டு காலுக்கும் ஒவ்வொரு கட்டுக் கட்டி வுடட்டுங்களா? ஜீப்பு வரைக்கும் போவோணுமில்ல?"

பேராசிரியர் அப்படிச் சிரித்து நான் அதற்குப் பின் பார்த்ததே இல்லை. அடுத்த காட்டு வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாவது விண்ணப்பம் ஒரே பக்கம். "இங்கே யாரும் செருப்போடு காட்டுக்குள் போவதில்லை" என்று ஆரம்பித்தேன். செருப்பாக இல்லாமல் கட்டாகக் கட்டிக்கொள்கிற மெத்தை அடியைக் காட்டிலும் வீட்டிலும் போட்டால் புண் குறையுமா என்பது கேள்வி. அதற்கும் பணம் வந்தது. இந்தத் தடவை டயர் வாங்கக் காணும். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. துணி நனைந்தால் தோல் ஊறிப் புண்ணானது. அதற்கு ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று காய ஒன்று கட்ட என்று மாற்றினோம். இறுக்கிக் கட்டி விரல் வீங்கிய ஆட்கள் உண்டு. புதுத் துணி அழுக்காகிவிடும் என்று அதையும் பத்திரமாக மடித்து வைத்த புண்ணியவான் ஒருவர் உண்டு. சிலருக்குப் புண் திரும்பத்தான் செய்தது. பலருக்கு வரவில்லை. சேலத்துச் சர்ஜன் அடுத்த தடவை வந்தபோது மாரண்டஹள்ளி அம்மாவின் பாதத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க எதுக்கு வந்திருக்காங்க?" என்று கேட்டார். அதற்குச் சிஸ்டர் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

புது ஆய்வுக்குத் தாள் நீட்டிய அன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அவர்தான். மையில் விரலை வைத்துக்கொண்டு, பழையபடியே கேட்டார்.

"இதுலயும் எப்பவுமேன்னுதான் போட்டிருக்குங்களா?"

எனக்கு இப்போது புத்தி வந்திருந்தது. "இல்லீங்க. காட்டுல, வூட்டுல, மாட்டுக் கொட்டாயில, அடுப்பங்கரையில, எல்லாத்தையும் தனித்தனியா எழுதியிருக்கேன். முடியலைன்னா சொல்லிட்டு வெலகிக்கலாம். சத்தியம் இல்லை இது."

"அதுக்கு மேல எனக்குப் போறதுக்கு எடமே இல்லீங்களே டாக்டரம்மா. எப்பவுமேன்னே எழுதியிருக்கலாம், உங்களுக்கு மையாவது மிச்சமாயிருக்கும்."

விரலை ஊன்றினார். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலில் இருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றார் சிஸ்டர். மாரண்டஹள்ளி பஸ்ஸை விட்டால் கடலை பிடுங்க ஆள் நிற்காது என்று சொல்லிவிட்டு, அவர் புளியமரத்தைத் தாண்டி ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தார், இரண்டு காலாலும்.